நிலம் திரும்பும் இடம்

கரையோரம் – 7: கோடியக்கரை

சென்ற வாரம் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நின்றோம். அங்கிருந்து தமிழ்நாட்டு வரைபடத்தில் விரலை வைத்துக் கடற்கரையோடு தெற்கே இழுத்து வாருங்கள். எண்ணூர், சென்னை, புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று விரல் ஏறக்குறைய நேராகவே இறங்கும். வேதாரண்யத்தைத் தாண்டியதும் சட்டென்று மேற்கே திரும்பும். அந்தத் திருப்பம்தான் கோடியக்கரை.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத வாசகர் இருக்க மாட்டார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பூங்குழலியும் படகும் கலங்கரை விளக்கமும் புதைசேறும் நினைவுக்கு வரும். நேரில் போய் நின்றவர்களோ மிகச் சிலர். சென்னையிலிருந்து 350 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஓர் இடத்தை நாவலிலும் திரையிலும் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம். அந்தக் கதையைவிடப் பெரிய கதை ஒன்று அந்த மண்ணில் நடந்துகொண்டிருக்கிறது.

நான்கு மீட்டர்தான் உச்சி

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலை, அகத்தியான்பள்ளியின் உப்பளங்களைக் கடந்து, கோடியக்காட்டுக்குள் நுழைந்து, மீனவர்களின் கடற்கரையில் முடிகிறது. முனை என்றதும் அலை மோதும் பாறையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடைக்காது. எல்லாமே மணலும் சேறும்தான். இந்த முனையின் மிக உயர்ந்த இடம் ராமர் பாதம் என்று வணங்கப்படும் மணல்மேடு. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 4 மீட்டர்.

காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கடல் தள்ளிச் சேர்த்த மணலும்தான் இந்த நிலத்தை உண்டாக்கின. வேதாரண்யத்தைச் சுற்றி வரிவரியாக மணல்மேடுகள் கிடக்கின்றன. அவை ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. கடல் விலக விலக, ஒரு கரைக்கு முன்னால் இன்னொரு கரை உருவானது. மேடுகளில் ஊரும் தோப்பும் அமைந்தன. இடையே கிடந்த பள்ளங்கள் சதுப்பாகவும் உப்பளமாகவும் ஆயின.

முனைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. அதற்கு அப்பால் ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் குடாநாடு. ஒருபுறம் அலை, மறுபுறம் அமைதியான நீர். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் நீளும் பெருஞ்சதுப்பு. இத்தனையும் ஒரே இடத்தில் கூடுவதால்தான் பறவைக்கும் மானுக்கும் மீனவருக்கும் உப்புக்கும் இது தாய்நிலமாயிற்று.

பாலைமரக் காடு

கோடியக்காட்டில் இருப்பது வறண்ட பசுமைமாறாக் காடு. ஆண்டில் பல மாதங்கள் மழையே காணாத மணலில், இலை உதிர்க்காமல் நிற்கும் மரங்களின் காடு. அதில் முதன்மையானது பாலை மரம். சோழமண்டலக் கரையோரம் இருந்த இந்த வகைக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. சென்னையில் கிண்டிக் காடு அப்படி ஒரு துண்டு. கிண்டியில் வேலிக்குள் பார்க்கும் வெளிமான்களை இங்கே கடலோரப் புல்வெளியில் கூட்டமாகப் பார்க்கலாம். முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா ஒன்று தலை நிமிர்ந்து நிற்க, பழுப்பு நிறப் பெண்மான்கள் சுற்றி மேயும். இந்த மானுக்காகவே 1967இல் இவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, குரங்கு ஆகியவற்றோடு, வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டுவாழ்க்கைக்குப் பழகிவிட்ட மட்டக்குதிரைகளும் இங்கே திரிகின்றன.

இந்தக் கரையின் தனிமை இன்று நேற்று வந்ததல்ல. கோடிக்குழகர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே வந்த சுந்தரர், கடற்காற்று அடிக்கும் கரையில் துணைக்குக் குடிகள்கூட இல்லாமல் தனியே இருக்கிறாயே என்று இறைவனிடம் மனம் வருந்திப் பாடினார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் காற்றும் அந்த வெறிச்சோடிய கரையும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் தேவார காலத்து நிலக்காட்சி ஒன்று இத்தனை தூரம் மாறாமல் நிற்கும் இடங்கள் மிகக் குறைவு.

மாறியது கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் விளக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்தது. இன்று அதன் இடிபாடுகள்தான் மிச்சம். நாவல் படித்துவிட்டு அதைத் தேடிப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் பேச்சற்று நின்றுவிடுகிறார்கள்.

சைபீரியாவிலிருந்து வருகிறவை

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது பறவைகள் வரத் தொடங்குகின்றன. பூநாரைகள் சேற்றுநீரில் தலைகீழாக அலகை வைத்து இரை வடிகட்டுகின்றன. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் குஞ்சு பொரித்த உள்ளான்கள், உள்ளங்கையில் அடங்கும் உடம்போடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இந்தச் சேற்றில் இறங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடங்களைக் கண்டறிந்து வருகிறார்கள். 2002இல் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணை உள்ளிட்டவை சேரும்வரை, இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலம் இதுதான்.

ஆனால் 1980களில் லட்சக்கணக்கில் வந்த நீர்ப்பறவைகள் பின்னர் பெருமளவு குறைந்துவிட்டன. சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்தது, உப்பளங்கள் விரிந்தன, நீரின் உப்புத்தன்மை ஏறியது, பறவைகளின் இரை குறைந்தது. திருட்டு வேட்டையும் ஓயவில்லை. காட்டுக்குள் சீமைக் கருவேலம் பரவி, வெளிமான் மேயும் புல்வெளியை மூடிக்கொண்டே போகிறது.

உலகின் இன்னொரு மூலையிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் தீவின் தென்கிழக்கே பைலா முனை என்று ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் அறியாத இடம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறக்கும் சிறு பறவைகள் அங்கே இறங்கி இளைப்பாறும். வலை விரிப்பவர்கள் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு, தண்ணீர் பாய்ச்சித் தோப்பாக வளர்த்து, பறவைகளை அதற்குள் இழுத்துப் பிடித்தார்கள். அந்தப் பகுதியை நிர்வகிக்கும் பிரிட்டிஷ் ராணுவத்தளம் அந்த அகேசியாவை ஏக்கர் கணக்கில் வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. கடல் தாண்டும் உயிர்களுக்கு முனை ஒரு தங்கல். அங்கே அந்நிய மரம் புகுந்தாலும் வலை புகுந்தாலும் அடி விழுவது பல நாட்டுப் பறவைகளுக்கு.

உப்பும் மனிதர்களும்

இங்கே உப்பை மட்டும் குற்றவாளியாக்கிவிட முடியாது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட நூறு தொண்டர்கள் நடந்து வந்து சேர்ந்ததும், வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்றுத் தாங்கியதும், ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளி ராஜாஜி சிறை சென்றதும் இந்த மண்ணில்தான். அகத்தியான்பள்ளியில் அதற்கான நினைவுத்தூண் நிற்கிறது. இன்றும் உப்பளத் தொழிலாளர்கள் கொளுத்தும் வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறார்கள். தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் வேதாரண்யத்துக்கு.

மீன்பிடி காலத்தில் வெளியூர் மீனவர்களும் குடும்பத்தோடு வந்து கோடியக்கரையில் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது படகும் தென்னையும் மாவும் கூரையும் போயின. காட்டில் மான்களும் குதிரைகளும் மடிந்தன. நான்கு மீட்டர் உயரமுள்ள நிலத்தில் மனிதருக்கும் மானுக்கும் ஏறி நிற்க வேறு மேடு கிடையாது. மரங்களடர்ந்த காடும் அலையாத்தியும்தான் இங்கே அரண். அதனால் காட்டைக் காப்பது ஒரு கட்சி, மக்களைக் காப்பது இன்னொரு கட்சி என்ற பேச்சே இங்கே பொருந்தாது. சதுப்புக்கு நன்னீர் போய்ச் சேர்வதை உறுதி செய்தால் இரண்டும் நடக்கும். அரசு முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

போகிறவர்களுக்கு

பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டி – அகத்தியான்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் ரயில்பாதையும் அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். சேற்றில் தனியாக இறங்காதீர்கள். கல்கி எழுதிய புதைசேறு கற்பனை மட்டுமல்ல. பிளாஸ்டிக் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிடும் கரை அது. இரவில் விளக்கடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன மக்கள் நம் பகுதிக்காரர்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி மீண்டதையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரு நீர்நிலை கெட்டால் என்ன ஆகும், மீட்டால் என்ன கிடைக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அனுபவத்தோடு கோடியக்கரைக்குப் போங்கள்; பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பார்த்து வந்த பின் அந்தச் சதுப்பின் தண்ணீருக்காகக் குரல் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: மணப்பாடு)