பேச மறுக்கும் ஒலிப்பெட்டி

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய இரு நாட்களை வண்ணார்பேட்டைக் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டு வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் தெருக்களுக்குள் புகுந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. நீர் வடிந்த பின் வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது, மொட்டை மாடிகளில் மெத்தையும் புத்தகங்களும் உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒலிப்பெட்டிகளும் இருந்தன. மூதாட்டி ஒருவர் தம்முடைய ஜோடிப் பெட்டிகளைக் காட்டி, "சாமி, நல்லா காஞ்சிட்டு. பிளக்கைச் சொருகிப் பாத்துரலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மா, தொடாதீர்கள்" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். குருமடத்தில் பயின்ற காலத்தில் பழைய வானொலிப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் எனக்கு உண்டு. கழற்றியவற்றில் திரும்பப் பூட்டியவை எத்தனை என்று அதிபர் தந்தை கேட்டதும் உண்டு. அந்தச் சிறு அனுபவத்தை வைத்துக்கொண்டு அன்று அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

முற்காலத்தில் நம் வீடுகளில் ஒலிபெருக்கி வேறு, ஆம்ப்ளிபையர் வேறு. இன்று வாங்கும் பெட்டிகள் பலவற்றில் ஆம்ப்ளிபையரும் அதற்கு மின்சாரம் தரும் பகுதியும் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இவற்றையே 'ஆக்டிவ் ஸ்பீக்கர்' என்கின்றனர். இது புதுமை என்று எண்ண வேண்டாம். இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பை ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டனர். மறு ஆண்டே ஆம்ப்ளிபையரை உள்ளடக்கிய ரேடியோலா 104 என்ற பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. வசதி என்னவோ பெரிதுதான். ஆனால் 230 வோல்ட்டு மின்சாரம், காற்றுப் புகாத ஒரு மரப்பெட்டிக்குள், ஓயாது அதிரும் ஒலிபெருக்கியின் முதுகுக்குப் பின்னே குடியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டால், குறை பெட்டியில்தான் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதே பிளக்குத் துளையில் மேசை விளக்கு ஒன்றைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அடுத்து மின்கம்பியைப் பாருங்கள். பெட்டியின் பின்புறம் கழற்றி மாட்டத்தக்க கம்பியாயின், அதே வகையான வேறொன்றை வீட்டிலேயே காணலாம். எட்டு என்னும் எண்ணின் வடிவில் முனையுள்ள கம்பி பழைய டேப்ரிக்கார்டருக்கும் வந்தது, கணினிக் கம்பியோ மூன்று முனை கொண்டது. மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஜோடியில் ஒன்று மட்டும் மௌனமாயின், இரண்டிலும் தனித்தனியே மின்கம்பி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் மற்றது வெறும் பெட்டி. அது முதற்பெட்டியிடமிருந்தே ஒலியைப் பெறுகிறது. அதற்கு மின்சாரக் கோளாறு வர வழியே இல்லை.

மின்கம்பி செருகும் இடத்தருகே சில பெட்டிகளில் சிறு இழுப்பறை ஒன்று இருக்கும். அதனுள் இருப்பது கண்ணாடிக் குழாய்ப் பியூஸ். கம்பியைப் பிளக்கிலிருந்து உருவிய பின்னரே அதைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் இழை நடுவில் மெல்ல அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், வயதாலோ சிறு மிகைச்சுமையாலோ போயிருக்கலாம். அதே அளவுள்ள புதிய பியூஸைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கண்ணாடி கருத்தோ வெள்ளி பூசியது போன்றோ இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. புதிய பியூஸும் நொடியில் போகும். பியூஸின் உலோக முனையில் பொறித்திருக்கும் எழுத்தையும் பாருங்கள். 'டி' என்றால் தாமதித்து உருகுவது, 'எஃப்' என்றால் விரைந்து உருகுவது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகும் வித்தையை நம் ஊரில் இன்னும் சிலர் கைவிடவில்லை. வீடு தீப்பற்ற அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாயின் மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு. சவூதியின் பல வீடுகளில் முன்பு 127 வோல்ட்டு இருந்தது. சில பெட்டிகளின் முதுகில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115-இல் நிற்க, நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் 'டப்' என்ற ஓசையோடு முடிந்துவிடும். செருகுமுன் பார்த்துக்கொள்வது நலம்.

சில பெட்டிகள் தாமாகவே உறங்கிவிடுகின்றன. இது பெரும்பாலும் கோளாறே அன்று. மின்சாரம் வீணாவதைத் தடுக்க ஐரோப்பிய நாடுகள் இயற்றிய விதியின்படி, 2013 முதல் அங்கு விற்கப்படும் இத்தகைய சாதனங்கள் ஓய்வு நிலையில் அரை வாட்டுக்கு மேல் உண்ணலாகாது. வேலையின்றி இருந்தால் தாமே ஓய்வுக்குச் செல்லவும் வேண்டும். அவ்விதிக்கேற்பச் செய்த பெட்டிகளே இங்கும் விற்பனைக்கு வருகின்றன. அதிகாலையில் பிறர் உறக்கம் கெடாமல் மெல்லப் பாட்டு வைப்போருக்கு இது பெருந்தொல்லை. ஒலி மிகச் சன்னமாயிருந்தால், யாரும் கேட்கவில்லை என்று பெட்டி எண்ணிக்கொள்கிறது. மாற்று எளிது. கைப்பேசியில் ஒலியைக் கூட்டி, பெட்டியில் உள்ள திருகில் குறைத்து வைத்தால் அது விழித்தே இருக்கும்.

உண்மையான நோயின் அறிகுறி வேறு. விளக்கு மங்கி மங்கி எரியும். அல்லது 'டிக் டிக்' என்று ஓயாமல் ஓசை வரும். அல்லது சுவிட்ச் போட்டுப் பத்து நிமிடம் கழித்தே உயிர் வரும். இங்கே பெரும்பாலும் கண்டென்சர் மூப்படைந்திருக்கிறது. 105 பாகை வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த கண்டென்சர், வெப்பம் 10 பாகை குறையும்தோறும் ஏறத்தாழ இரு மடங்கு உழைக்கும். 65 பாகையில் 32,000 மணி ஆகிறது. ஓராண்டுக்கு 8,760 மணி. இரவும் பகலும் பிளக்கில் கிடக்கும் பெட்டிக்கு இது நான்காண்டு ஆயுள்கூட இல்லை. நம் நெல்லைச் சித்திரை வெயிலில் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இரவில் பிளக்கின் சுவிட்சை அணைத்துவிடுவது மின்கட்டணத்துக்காக மட்டுமன்று.

தெருவில் பல வீடுகளில் ஒரே வேளையில் சாதனங்கள் கருகினால், குறை பெட்டிகளில் இல்லை. புயல் மழையில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், 230 வோல்ட்டு வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய மின்சாரம் பாயக்கூடும். சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரியும், பக்கத்து வீட்டிலோ மங்கும். அப்போது யோசிக்க நேரமில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

இனி, பெட்டியைத் திறப்பது பற்றி. பிளக்கை உருவிவிட்டேனே, இனி என்ன பயம் என்று எண்ணித் திறந்த இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். உள்ளே இருந்த பெரிய கண்டென்சரின் கால்களில் விரல் பட்டதும் அவரைப் பின்னுக்குத் தூக்கி எறிந்தது. 230 வோல்ட்டு மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்டு. கண்டென்சர் அவ்வளவையும் தேக்கி வைத்துக்கொள்ளும், கம்பியை உருவிய பின்னும் சில நேரம் விடாது. அவர் உயிர் பிழைத்தது அவருடைய தாயின் பாக்கியம். பழகிய மெக்கானிக் முதலில் மீட்டர் வைத்து அதை அளந்து, முறையாக வடித்துவிடுவார். பழுது பார்த்த பின்னும் நேரே மின்சாரம் கொடுக்கமாட்டார். 100 வாட்டு குண்டு பல்பை இடையில் இணைத்த சீரிஸ் போர்டில் செருகிப் பார்ப்பார். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம். முழுவதுமாக எரிந்து நின்றால் ஷார்ட் இன்னும் போகவில்லை.

வெள்ளத்தில் நனைந்த பெட்டிகளுக்கு வருவோம். வெயிலில் காய்வது வெளிமரம் மட்டுமே. ஆற்று நீரோடு வந்த வண்டலும் சாக்கடை உப்பும் மின்பலகையின் மேல் படிந்துவிடுகின்றன. காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றி அவை மின்சாரத்துக்குப் பாதையாகின்றன. எனவே தொட்டுப் பார்க்க உலர்ந்ததாயினும், பலகையைக் கழற்றித் தூய்மை செய்து பல நாட்கள் உலர்த்தும் வரை பிளக்கில் செருகலாகாது. நார்ப்பலகையால் செய்த பெட்டி உப்பிவிட்டால் அது மீளாது.

அந்த மூதாட்டியின் பெட்டிகளை மெக்கானிக்கிடம் அனுப்பினோம். மின்சாரப் பகுதி இருந்த பெட்டியின் பலகை பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. அதைத் திருத்த இயலவில்லை. மற்றது வெறும் பெட்டி. அடிப்பகுதி சற்று உப்பியிருந்ததைத் தவிர அதற்கு ஒன்றும் நேரவில்லை. மேல்மாடிப் பரணில் கிடந்த, அவருடைய கணவர் காலத்து ஆம்ப்ளிபையரில் அதை இணைத்துக் கொடுத்தார் மெக்கானிக். இப்போது ஒற்றைப் பெட்டியில்தான் காலையில் பாட்டு கேட்கிறார். சுவிட்ச் போர்டை இடுப்பளவிலிருந்து தலையளவுக்கு உயர்த்தி வைத்திருக்கிறார். அதனால் பிளக்கைச் செருக ஒவ்வொரு நாளும் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.