வணக்கம் சொல்லாத விருந்தாளி

பாரிஸ் நகரத்து மக்கள் கடுகடுப்பானவர்கள், முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று அமெரிக்கச் சுற்றுப்பயணிகள் பல காலமாகக் குறை கூறி வருகிறார்கள். பணம் செலவழித்து, கடல் கடந்து ஊர் பார்க்கப் போனவரிடம் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வருத்தம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கடைக்காரரைக் கேட்டால், அவரிடமும் ஒரு முறையீடு இருக்கும். நேயர்களே, இரண்டு பக்கத்தையும் இன்று நாம் கேட்போம்.

பிரான்சு நாட்டில் கடைக்குள் நுழைகிறவர் முதலில் சொல்லவேண்டிய சொல் 'போன்ஷூர்'. அது நம் வணக்கம் போன்றது. பெண்ணானால் 'போன்ஷூர் மதாம்', ஆணானால் 'போன்ஷூர் முசியே'. ரொட்டிக் கடையானாலும் சரி, பஸ் ஓட்டுநரானாலும் சரி, இதைச் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. கடை என்பது அவர்களுக்கு ஏறக்குறையக் கடைக்காரரின் வீடு. நம் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்காமல், ஒருவர் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? அமெரிக்கரோ சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, ஆங்கிலத்தில் 'இது என்ன விலை?' என்று கேட்டுவிடுகிறார். அவர் ஊரில் அந்தச் சிரிப்பே வணக்கம். பிரெஞ்சுக்காரருக்கு அது போதாது. அவமதிக்க வேண்டும் என்று அமெரிக்கர் எண்ணவில்லை. ஆனாலும் கடைக்காரர் மனம் புண்பட்டுவிடுகிறது.

நீஸ் நகரத்தில் ஒரு காப்பிக் கடைக்காரர் 2013ஆம் ஆண்டில் ஒரு விலைப் பலகை எழுதி வைத்தார். 'ஒரு காப்பி' என்றால் 7 யூரோ. 'தயவு செய்து ஒரு காப்பி' என்றால் 4.25 யூரோ. 'வணக்கம், தயவு செய்து ஒரு காப்பி' என்றால் 1.40 யூரோ. வேடிக்கைக்கு எழுதியதுதான், அமெரிக்கருக்கென்று எழுதியதுமன்று. அவசரத்தில் வரும் உள்ளூர்க்காரருக்கும் அது பொருந்தும்.

சாப்பாட்டுக் கடையிலும் இதே தகராறுதான். அமெரிக்காவில் பரிமாறுகிறவருக்கு வாடிக்கையாளர் தரும் அன்பளிப்புக் காசே பெரும் வருமானம். அத்தகைய தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்த கூலி, மத்திய அரசுச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2 டாலர் 13 காசுதான். பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதல் உண்டு. ஆகவே அவர் அடிக்கடி வந்து நலம் விசாரிக்கிறார். சிரிப்பும் அவருக்குப் பிழைப்பு. பிரான்சிலோ 1987ஆம் ஆண்டு அரசாணைப்படி, பட்டியலில் உள்ள விலையிலேயே பரிமாறும் கட்டணமும் சேர்ந்திருக்க வேண்டும். காசுக்காகச் சிரிக்கவேண்டிய கட்டாயம் அங்குள்ள தொழிலாளிக்கு இல்லை. சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே மரியாதை என்று அவர் ஒதுங்கி நிற்கிறார். கேட்காமல் பில் கொண்டுவருவது, 'எழுந்து போ' என்பதற்குச் சமம். அமெரிக்கருக்கோ, தம்மைக் கவனிக்க ஆளில்லை என்று கோபம்.

பரிமாறுவது தொழில், அடிமை வேலை அன்று என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. ஆகவே அந்தப் பரிமாறுகிறவரின் மனம் நமக்கு எளிதில் விளங்கும்.

பிரான்சு முழுவதும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மானியப் படைகளை விரட்ட, 1944 ஜூன் 6ஆம் தேதி நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. அங்கே கோல்வில் என்னும் ஊரில் 9,300க்கும் அதிகமான அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. சேன்ட் மேர் எக்ளீஸ் ஊரின் மாதா கோயில் கோபுரத்தில், பாராசூட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்ட வீரரின் உருவத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அமெரிக்கருக்கு இருக்கும் மதிப்பே வேறு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிலைமை இன்னொரு விதம். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் மக்கள், நடுவில் பிரெஞ்சு. அதைக் காக்க 1977இல் மொழிச் சட்டமே வந்தது. மான்ட்ரியல் கடைகளில் இரு மொழியும் கலந்து 'போன்ஷூர், ஹாய்' என்று வரவேற்பார்கள். 'போன்ஷூர்' மட்டும் சொல்லுங்கள் என்று 2017இல் சட்டமன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டது.

பாரிஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2013இல் அந்நகர வணிகச் சபையும் சுற்றுலா அமைப்பும் சேர்ந்து ஒரு சிறு கையேடு அச்சிட்டு, டாக்சி ஓட்டுநர்களுக்கும் கடைகளில் பரிமாறுவோருக்கும் கொடுத்தன. எந்த நாட்டார் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், என்ன எதிர்பார்ப்பார், அவர் மொழியில் எப்படி வணக்கம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருந்தன.