41 படலங்கள், 896 போலிகள்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கூழாகத் திரண்டு ஒதுங்கியது. ஆட்கள் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். இப்படிப் படரும் எண்ணெயைக் கரை சேரும் முன்பே காட்டிக்கொடுக்க வல்லது செயற்கைக்கோள் ரேடார். இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டு ரேடார் அலை திரும்புவதால் கடல் வெளிறித் தெரியும். எண்ணெய் அந்தச் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். ஆனால் காற்று ஓய்ந்த நீர்ப்பரப்பும் அதே கறுப்பில்தான் விழும். எது எண்ணெய், எது போலி என்று பிரிக்கக் கணினியைப் பழக்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

குபாட், ஹோல்ட்டே, மாட்வின் மூவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. 9 ரேடார் படங்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த கரும்புள்ளிகள் 937. அவற்றில் எண்ணெய் 41. மீதி 896 போலிகள். எதைக் காட்டினாலும் ‘எண்ணெய் இல்லை’ என்று மட்டும் சொல்லும் ஒரு நிரல், இதில் 95.6 சதவீதம் சரி என்று பெயர் வாங்கிவிடும். ஆனால் ஒரு கசிவைக்கூட அது பிடித்திருக்காது. இன்னொரு நிரல் 41இல் 30ஐப் பிடித்து, போலிகளில் 100ஐ எண்ணெய் என்று தவறாகச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் மதிப்பெண் 88தான். ஆனாலும் கடலோரத்துக்கு உதவுவது அந்த 88தான். ஆகவே எண்ணெயில் எத்தனை பிடிபட்டது, போலியில் எத்தனை சரியாக விலக்கப்பட்டது என்று இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். அந்த ஆய்வாளர்கள் இவ்விரு விகிதங்களின் பெருக்குச் சராசரியை அளவுகோலாகக் கொண்டார்கள். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

அளவுகோலைத் திருத்தியபின் பயிற்சியைத் திருத்தலாம். ஓர் எண்ணெய்ப் படலத்தைத் தவறவிட்டால் ஏறக்குறைய 22 மடங்கு அபராதம் என்று விதித்தால், இரு வகையும் கணினிக்குச் சம எடை பெறும். போலிகளில் சிலவற்றைக் கழிக்கலாம். எண்ணெய்ப் படங்களைத் திருப்பியும் புரட்டியும் பெருக்கலாம். ஒரே படத்தைப் பெருக்கினால் கணினி அதை மனப்பாடம் செய்துவிடாதா என்று கேட்பார்கள். செய்யும். அதனால்தான், பெருக்கிய பிரதிகள் சோதனைத் தொகுப்பில் கலக்கவே கூடாது. நிஜக் கடலில் எண்ணெய் எவ்வளவு அரிதோ, சோதனையிலும் அவ்வளவு அரிதாகவே இருக்க வேண்டும்.

பொய் எச்சரிக்கை பெருகினால் கடலோரக் காவலர்கள் சலித்துவிடுவார்கள் என்ற ஆட்சேபமும் நியாயமானது. ஆனால் இரண்டு தவறுகளுக்கும் விலை ஒன்றல்ல. பொய் எச்சரிக்கையால் வீணாவது ஒரு நிபுணரின் மறுபார்வை, மிஞ்சினால் ஒரு ரோந்துப் படகின் டீசல். தவறவிட்ட கசிவின் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2023 டிசம்பரில் எண்ணூர் காட்டியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் புகுந்த எண்ணெய் படகிலும் வலையிலும் அலையாத்திச் செடியிலும் அப்பி, மீனவர் பிழைப்பை முடக்கியது. எந்த அளவு சந்தேகத்துக்கு எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பதை இந்த விலைகளை எடைபோட்டு மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ‘95 சதவீதம் துல்லியம்’ என்று ஒரு கருவி நம்மிடம் வரும்போது, அந்த 41இல் எத்தனையைப் பிடித்தது என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.