பத்தாங்கட்டையில் ஒரு ஸ்டேஷன் இருந்தது

சிங்கப்பூர்ல ஸ்டேஷன் திறப்பாங்க, மூட மாட்டாங்க என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டென் மைல் ஜங்ஷன் அதைப் பொய்யாக்கிவிட்டது. எம்ஆர்டி, எல்ஆர்டி இரண்டிலும் சேர்த்து நிரந்தரமாக மூடப்பட்ட முதல் ஸ்டேஷன் அதுதான். 1999 நவம்பரில் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியோடு திறந்தது. 2019 ஜனவரியில் மூடியாச்சு.

முதலில் பெயர். ஊருக்குள் இருந்த பழைய தலைமைத் தபால் நிலையத்திலிருந்து மைல்கல் எண்ணிய காலத்தில் புக்கிட் பாஞ்சாங் பத்தாவது மைல். நம்ம ஆட்கள் மைலைக் கட்டை என்பார்கள். ஆக, பத்தாங்கட்டை.

ஏன் மூடினார்கள்? ஆட்கள் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் கூட்டமில்லாத ஸ்டேஷன் எல்லாவற்றையும் மூடிவிடுவதில்லையே? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். ஏ, பி என்ற இரண்டு சேவைகள் சுவா சூ காங்கில் கிளம்பி, குடியிருப்புகளை எதிரெதிர் திசையில் ஒரு வட்டம் சுற்றித் திரும்பும். அந்த வழியில் இருக்கும் ஸ்டேஷனில் நிற்க சில விநாடிதான் செலவு. ரயில் எப்படியும் அந்தப் பக்கம் போயாகணும். டென் மைல் ஜங்ஷனோ தனிக் கிளையில், கடைத்தொகுதிக் கட்டடத்துக்குள் இருந்தது. அதற்காகவே சி என்று தனிச் சேவை. அங்கே ஓடும் ஒவ்வொரு ரயிலும், கூட்டம் நெரியும் ஏ, பி சேவைகளுக்குக் கிடைக்காத ரயில்.

இதுக்கு முன்னாலேயே, 2010 கடைசியில், கடைத்தொகுதிப் புதுப்பிப்புக்காக ஏறக்குறைய ஓராண்டு மூடியிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் பலர் நடந்து பழகியிருப்பார்கள் என்பது என் ஊகம். அப்புறம் 2015 டிசம்பரில் டவுன்டவுன் பாதை புக்கிட் பாஞ்சாங்குக்கே வந்துவிட்டது.

கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் குடியிருந்த, முட்டிவலிக்கார ஆன்ட்டி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "ஆளு கம்மின்னு சொல்றாங்க தம்பி, அந்தக் கம்மியில நானும் ஒரு ஆளுதானே?" பதில் சொல்லத் தெரியவில்லை. சராசரியில் எல்லோருக்கும் ரயில் சீக்கிரம் வரும். அவருக்கு மட்டும் நடை கூடும்.

சொல்ல மறந்துட்டேனே: ரயில் பணிமனையும் அதே கட்டடத்தில்தான். அதனால் மூடிய பிறகும் ரயில்கள் அங்கே போய்வந்துகொண்டுதான் இருந்தன. ஏற்றிக்கொள்ளத்தான் இல்லை.