மண்டையோட்டில் முகம் தேடல்

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்பது முதுமொழி. சிரசினுள்ளும் பிரதானமாவது முகம். ஒருவரை இன்னார் என்று பிறர் அறிதற்கு முகமே முதற் சான்று. பெயர் இருவர்க்கு ஒன்றாதல் உண்டு. குரல் ஒத்தலும் உண்டு. முகமோ இரட்டைப் பிள்ளைகளிடத்தும் பெற்றவளுக்கு வேறுபட்டே தோன்றும். அத்தகைய முகம் மண்ணுட் புகுந்தபின் விரைவில் அழிகின்றது. அதனைத் தாங்கி நின்ற மண்டையோடு நெடுங்காலம் நிலைக்கின்றது. நிலைத்த ஒன்றைக் கொண்டு அழிந்த ஒன்றை மீட்டல் இயலுமா என்னும் வினாவிற்கு விடை காண முற்படும் துறையே முக மீளமைப்பு எனப்படும்.

இவ்வினா வன்னி மக்களுக்கு ஏட்டளவில் நிற்பதொன்றன்று. 2023 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதித்தற்பொருட்டு நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி அகழ்வு நடைபெற்றது. 2024 ஜூலையில் அது நிறைவுற்றபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அவை 1994 ஆம் ஆண்டிற்கு முற்படாமலும் 1996 ஆம் ஆண்டிற்குப் பிற்படாமலும் புதைக்கப்பட்டவை எனத் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ தம் அறிக்கையிற் குறித்தார். காலம் இவ்வாறு வரையறுக்கப்படலாம். ஆயின் ஆட்கள் யாவர் என்பதை எலும்பு தானே சொல்லாது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் போராட்டம் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கையில் ஏந்தியவை ஒளிப்படங்களே. ஒருபுறம் முகமில்லாத மண்டையோடு. மறுபுறம் உடலில்லாத முகம். இவ்விரண்டிற்கும் இடையே அறிவியல் எத்துணைத் தூரம் பாலமிட வல்லது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

இத்துறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மனியின் லீப்சிக் நகரிலே, பழைய தேவாலயக் கல்லறையொன்றிலிருந்து 1894 இல் எடுக்கப்பட்ட எலும்புகள், 1750 இல் மறைந்த இசைமேதை பாக் என்பவருடையனவா என்று ஆராயும் பொறுப்பு உடற்கூற்றியற் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ் என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் கையாண்ட உபாயம் எளியது. மெல்லிய ஊசியொன்றிற் சிறு இறப்பர்த் துண்டைக் கோத்து, இறந்தோர் முகத்திற் குறித்த இடங்களில் எலும்பைத் தொடும்வரை செலுத்தினார். இறப்பர் தோலின்மேல் தங்கிவிடும். ஊசிமுனைக்கும் இறப்பருக்கும் இடைப்பட்ட நீளமே அவ்விடத்துத் தோலும் தசையும் கொழுப்பும் சேர்ந்த தடிப்பாகும். அவ்வளவுகளைக் கொண்டு சிற்பி கார்ல் செஃப்னர் அம்மண்டையோட்டின் வார்ப்பின்மீது ஒரு முகத்தைச் சமைத்தார். 1895 இல் வெளியான இவ்வாய்வு பின்னையோர்க்கெல்லாம் வழிகாட்டியாயிற்று.

ஊசிமுறைக்கு இரு குறைகள் உள. உயிர் நீங்கிய உடலில் நீர் வற்றித் தசை தொய்தலின், பெறும் அளவு உயிருள்ள முகத்தின் அளவாகாது. ஊசி பதியுமிடத்துத் தோலும் சிறிது அழுந்தும். இக்குறைகளை நீக்க வந்தது சி.ரி. ஸ்கான் என்று வைத்தியசாலைகளில் வழங்கும் கருவி. இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியியலாளர் ஆக்கிய இக்கருவியால் 1971 இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படம்பிடிக்கப்பட்டது. இதன்பொருட்டு அவரும், இதற்குரிய கணிதத்தை வகுத்த கோர்மக் என்பாரும் 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். எக்ஸ்-கதிர் தலையைச் சுற்றிவந்து, அதனை மெல்லிய துண்டங்களாக அரிந்து காட்டுவதுபோற் படங்களைத் தருகின்றது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்விடத்துப் பொருளின் அடர்த்தியைக் காட்டும் ஓர் எண் உண்டு. நீருக்கு எண் 0, காற்றுக்கு -1000, கொழுப்பு -100 ஐ அண்டி நிற்கும், எலும்பு பல நூறுகளைத் தாண்டும். ஆதலின், இன்ன எண்ணுக்கு மேற்பட்டவற்றை மாத்திரம் காட்டுக என்று கணினிக்குப் பணித்தால் எலும்பின் வடிவம் தனித்து நிற்கும். எண்ணை மாற்றினால் தோலின் வடிவம் மேலெழும். ஒரே மனிதரின் மண்டையோடும் முகமும் ஊறின்றி ஒருங்கே அளத்தற்குக் கிடைக்கின்றன.

அளத்தற்கு முன் தலையின் நிலையை ஒழுங்குபடுத்தல் வேண்டும். காதுத் துவாரத்தின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் ஒரே கிடைத்தளத்தில் நிறுத்துவது மரபு. 1884 இல் ஜெர்மானிய மானிடவியலாளர் உடன்பட்டு ஏற்ற இத்தளம் பிராங்க்பேர்ட் தளம் எனப்படும். அதன்பின் புருவமத்தி, மூக்கெலும்பு நெற்றியோடு கூடும் பொருத்து, மூக்கெலும்பின் நுனி, மேலுதட்டுக் குழி, மோவாயின் முனை, கன்ன எலும்பின் புறவிளிம்பு, தாடையின் மூலை என்றின்னோரன்ன இடங்கள் குறிக்கப்படும். ஒவ்வோரிடத்திலும் எலும்பிலிருந்து தோல்வரையுள்ள தூரம் கணிக்கப்படும். ஒருவரே இருமுறையும், மற்றொருவர் தனித்து ஒருமுறையும் அளந்து ஒப்புநோக்குதல் நன்று. அளப்பவரின் கைப்பிழை அப்பொழுதே வெளிப்படும்.

அளவுகள் இடத்துக்கிடம் வேறுபடும். வளர்ந்தோரின் புருவமத்தியில் தடிப்பு ஏறத்தாழ 5 முதல் 6 மில்லிமீற்றர். மூக்கெலும்பின் நுனியில் 3 மில்லிமீற்றர் அளவே. மோவாயில் அது 10 மில்லிமீற்றரைக் கடக்கும். கன்னத்தின் சதைப்பற்றான பகுதியில் 20 மில்லிமீற்றரையும் மிஞ்சும். நெற்றியிலும் மூக்கடியிலும் ஆளுக்காள் வேற்றுமை சிறிது, கன்னத்திலோ பெரிது. எனவே மீளமைத்த முகத்தின் மேற்பகுதியை நம்புமளவு கன்னத்தை நம்புதல் கூடாது.

தடிப்பு மாத்திரம் முகமாகாது. கண், மூக்கு, வாய், காது ஆகியவற்றுள் எலும்பு பெரிதும் இல்லை. ஆயினும் அவை எலும்பில் விட்ட சுவடுகள் சில உள. கண்மணி ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் விட்டமுடைய உருண்டை. அது குழியின் நடுமையத்தில் இருப்பதென்று முன்னையோர் கொண்டனர். மேற்சுவரையும் புறச்சுவரையும் சற்றே அணுகி இருப்பதெனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. மேல்வாய்க் கோரைப்பற்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட அகலம் வாயின் அகலத்தில் முக்காற்பங்கு என்பது ஒரு கணிப்பு. மூக்குத் துவார எலும்பின் அகலம் மூக்கின் முழு அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்பது மற்றொன்று. ஆனால் இது ஐரோப்பியர் முகத்திற் கண்ட விகிதமாதலின் எல்லா மக்களுக்கும் அவ்வாறே பொருந்தாது. காதைப் பற்றியோ எலும்பு ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. தலைமயிர், தோலின் நிறம், மச்சம், மூக்குத்தி குத்திய துவாரம் ஆகியவை முற்றாக மறைந்தவை.

ஸ்கானும் குறையற்றதன்று. நோயாளி மல்லாந்து படுத்திருக்கையிற் படம் எடுக்கப்படுதலின், கன்னத்துத் தசை புவியீர்ப்பினாற் காதுப்புறமாகச் சரியும். நின்ற முகத்தின் அளவு அன்று அது. பல்வைத்தியர் பயன்படுத்தும் கூம்புக்கற்றை ஸ்கானில் ஆள் நிமிர்ந்திருத்தலால் இக்குறை குறையும். பல்லில் அடைத்த உலோகமும் படத்திற் கீற்றுகளை வீசி அளவைக் குழப்பும். இவை எல்லாவற்றினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. அட்டவணையில் உள்ளது சராசரி. போர்க்காலத்திற் பசியால் மெலிந்த ஒருவரின் கன்னத்திற்கு, அமைதிக்காலத்து நோயாளர் ஸ்கானிற் பெற்ற சராசரி எங்ஙனம் பொருந்தும்?

இம்முறையால் ஆகத்தக்க நன்மைக்கு அண்மைக்காலச் சான்று தமிழகத்தில் உண்டு. கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டுத் தாழிகளிற் கிடைத்த இரு ஆண் மண்டையோடுகளின் ஸ்கான் பதிவுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்து முக ஆய்வுகூடத்திற்கு அனுப்பினர். கணினியில் தசைநார்கள் ஒவ்வொன்றாக எலும்பின்மேற் போர்த்தப்பட்டு, 2025 இல் இருவர் முகங்களும் வெளியிடப்பட்டன. பண்டைத் தமிழர் எவ்வாறிருந்திருப்பர் என்று காண விழைந்தோர்க்கு அஃது ஒரு விருந்து. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கொந்தகை முகத்தைப் பார்த்து, "இவன் என் மகன் அல்லன்" என்று மறுப்பதற்கு எவரும் இன்றில்லை. கொக்குத்தொடுவாயின் நிலைமை அதுவன்று. அங்கே ஒரு முகத்தைச் சமைத்துக் காட்டினால், காத்திருப்போர் பலர் அதனைப் பார்ப்பர். சராசரியாற் சமைத்த முகம் பலருடைய முகத்தை ஒத்திருக்கும். இளமை, மெலிந்த உடல், ஒரே ஊர் என்னும் ஒற்றுமைகளும் சேர்ந்தால், ஒரே முகத்திற் பல தாய்மார் தத்தம் பிள்ளையைக் காண்பது இயல்பே. பிழையான நம்பிக்கை ஒருத்திக்கு மீண்டும் ஒரு சாவு. உரியவளுக்கோ விடை மறைந்த கேடு.

ஆதலின் முக மீளமைப்பு அடையாளச் சான்று அன்று. அடையாளத்தை நோக்கிய வழிகாட்டி மாத்திரமே. முடிவு சொல்ல வல்லவை பல்லின் பதிவும் டி.என்.ஏ. ஒப்பீடும் ஆகும். டி.என்.ஏ. ஒப்பீட்டிற்கு உறவினரின் மாதிரி வேண்டும். எக்குடும்பத்தாரிடம் பெறுவது என்று அறியாதவிடத்தே முகம் தேடலின் எல்லையைச் சுருக்கும். அவ்வளவே அதன் பணி.

தாய்மார் ஏந்திய ஒளிப்படங்களுக்கோ இதனினும் நேரான பயன் ஒன்றுண்டு. 1935 இல் ஸ்கொட்லாந்தின் மொஃபாற் அருகே சிதைக்கப்பட்ட இரு பெண்களின் உடல்கள் கிடைத்தபோது, பேராசிரியர்கள் கிளைஸ்ரர், பிராஷ் ஆகியோர் மண்டையோட்டுப் படத்தின்மீது காணாமற்போன பெண்களின் ஒளிப்படங்களைப் பொருத்திப் பார்த்தனர். ஒவ்வொரு மண்டையோடும் ஒருத்தியின் முகத்திற்கு இயைந்து மற்றவளுடையதற்கு இயையாது நின்றது. இம்முறையிற் கற்பனைக்கு இடம் குறைவு; முகத்தை ஆக்குவதில்லை, உள்ள முகத்தைச் சோதிக்கின்றது. பொருந்தாதவரை விலக்குதலே இதன் தலையாய வலிமை. ஸ்கானிற் பெற்ற தடிப்பளவுகள் இங்கும் உரைகல்லாகின்றன. எலும்பிற்கும் படத்தின் முகவிளிம்பிற்கும் இடைவெளி தகுமா என்பதை அவையே சொல்லும். ஆகவே பற்கள் தோன்றச் சிரித்த படமும், பக்கவாட்டுப் படமும், ஸ்ரூடியோவில் மெருகூட்டப்படாத மூலப்படமும் மிக்க மதிப்புடையன. இடப்பெயர்வுகளில் எஞ்சிய படம் ஒன்றாயினும் அதனை வெட்டாமலும் திருத்தாமலும் பேணுதல் வேண்டும்.

கற்றோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பிறநாட்டார் முகத்தளவைக் கடன் வாங்கி வன்னியின் மண்டையோட்டிற்குப் போர்த்துதல், அளவு எடுக்காமலே சட்டை தைப்பதை ஒக்கும். வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்கென எடுக்கப்படும் ஸ்கான்களை, நோயாளரின் இசைவு பெற்றும் பெயரை நீக்கியும், ஆண் பெண் வயது உடற்பருமன் என வகுத்து அளந்து வைத்தால், இம்மண்ணுக்குரிய அட்டவணையொன்று உருவாகும். மருத்துவமும் கணிதமும் கணினியியலும் பயிலும் மாணவர் கூடிச் செய்தற்குரிய பணி அது. ஒரு மில்லிமீற்றர் சிறிய அளவே. ஆயினும் முன்றலில் ஒளிப்படத்தோடு நின்றவளுக்குச் சொல்லப்படும் விடை மெய்யாதலும் பொய்யாதலும் அத்தகைய சிறிய அளவுகளைப் பேணுவதிலேயே தங்கியுள்ளது.