உங்களுக்குத் தெரியுமா?

போடி ஏல மையத்துக்கு வரும் ஏலக்காய், தேனீ தொட்ட பூவில் விளைந்தது!

• ஏலப்பூவின் சூல்முடி, மகரந்தப் பைக்குச் சற்று மேலே நிற்கும். அதனால் தானாகக் காய்பிடிப்பது அரிது. தேனீ உள்ளே நுழைந்து மகரந்தம் பூச வேண்டும்.

• அதற்குக் கிடைப்பது ஒரே நாள். விடியலில் விரியும் பூ மறுநாள் நிற்காது. பூக்கும் பருவத்தில் காலையில் மருந்தடித்தால் தேனீயும் போகும், காயும் போகும்.

• கம்பத்திலோ தேனியிலோ மொட்டை மாடி இருந்தால் போதும். கொட்டாத கொசுத்தேனீயைச் சிறு பெட்டியில் வளர்க்கலாம். மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது.

• ஒரு கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஆனால் பச்சைக் குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிரி, 1 வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிருக்கே ஆபத்து.