சுருள்வில்லின் கணக்கு

1957இல் இங்கிலாந்தில் தோன்றிய லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டத்தக்க பந்தயக் கார். அத்தகைய காரைப் பதுளை–பசறை மலை வளைவுகளுக்கென அமைக்க விழையும் மாணவன், முன்சக்கரச் சுருள்வில்லை எவ்வாறு தேர்வான்?

விறைத்த வில்லே விரைவு தரும் என்பது மயக்கம். குண்டுங்குழியுமான தோட்டப் பாதையில் அது சக்கரத்தை நிலத்தினின்றும் எழுப்பிவிடும். எழுந்த சக்கரம் திரும்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது. அருகிலோ பள்ளத்தாக்கு! மிக மென்மையான வில்லோ அடித்தட்டைக் கல்லில் மோதவிடும்.

ஒரு முன்சக்கரம் 150 கிலோ பாரந்தாங்கி 10 சென்றிமீற்றர் தாழ வேண்டுமெனில், சக்கரத்தில் வேண்டிய வலிமை சென்றிமீற்றருக்கு 15 கிலோ. வில்லோ சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் அமைந்தால், அதன்மேல் விசை இரட்டிக்கும், சுருக்கம் பாதியாகும். ஆகவே வாங்க வேண்டியது 60 கிலோ வில்! இதை மறந்து 15 கிலோ வில்லை மாட்டினால் கார் தரையிலேயே அமர்ந்துவிடும். வில்லை வாங்குமுன் கையை அளந்துகொள்வதே அறிவுடைமை.